பெட்ரோல் வரும் வழி

தாம்பரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள முகிலனுக்கு,

வால்பாறை ஏற்றத்தில் தாத்தாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றுபோன கதையை நீ போனில் விலாவாரியாகச் சொன்னாய். மெக்கானிக் என்ன சொன்னார், எவ்வளவு வாங்கினார், நித்யா எப்படிக் கோபித்துக்கொண்டாள், யாழினி பின்சீட்டிலேயே எப்படித் தூங்கிப்போனாள், எல்லாம் தெரிந்தது. நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. வண்டி எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றதா? அல்லது இழுவை குறைந்து, திக்கித் திணறி, இரண்டு முறை உதறிவிட்டு நின்றதா? மறுபடி போனில் கேட்டால் பாதியிலேயே "சரி அம்மா, பார்த்துக்கொள்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே நொடியில் நின்றால் அது மின்சாரக் கோளாறு. ஸ்பார்க் உண்டாக்கும் காயில், கண்டென்சர், பாயிண்ட் இவற்றில் ஒன்று. காயிலும் கண்டென்சரும் சூடேறினால் மயங்கும், ஆறினால் எழுந்துகொள்ளும். அதனால் பார்ப்பதற்குப் பெட்ரோல் கோளாறு போலவே இருக்கும். திணறி நின்றால் பெட்ரோல். இந்த வேறுபாட்டைக் கேட்காமல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்ற வரும் எவரையும் பானெட் பக்கம் விடாதே. "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது கார்புரேட்டரைப் பார்த்துச் சொன்ன பழமொழி என்பார் தாத்தா. பாவம், கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் எல்லாருடைய ஸ்க்ரூடிரைவரும் அதன்மேல்தான் பாய்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஏற்றத்தின் நடுவே வண்டி உதறுவது நன்றாகக் கேட்கிறது. ஆகவே பெட்ரோல்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நீ சொன்னதை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். கோவைக்குள் ஒழுங்காக ஓடுகிறது. பொள்ளாச்சி வரை சமவெளியில் ஒரு குறையும் இல்லை. ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் இழுவை குறைந்தது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் அருகே, நின்றேவிட்டது. நிழலில் கொஞ்ச நேரம் நின்றதும் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பியது. நான்கைந்து வளைவு போனதும் மறுபடி அதே கதை. மொத்தம் 40 வளைவு உள்ள மலையில் பாதிகூடத் தாண்டாமல் திரும்பி வந்திருக்கிறீர்கள். அதன் பிறகு மெக்கானிக், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பை மாற்றினார், கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டார், கண்டென்சரையும் விட்டுவைக்கவில்லை. அப்புறமும் மருதமலை ஏற்றத்தில் உதறல். இப்போது எலக்ட்ரிக் பம்ப் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்.

மூன்று பொருளை மாற்றியும் நோய் போகவில்லை என்றால், அந்த மூன்றும் குற்றவாளிகள் அல்ல என்பது தெரிந்துவிட்டது. நீ கொடுத்த காசுக்கு அந்த அளவிலாவது பயன் உண்டு. அவர் தொடாமல் விட்டது என்ன என்று பார்ப்போம்.

இந்த வண்டி எந்த ஊருக்கு வரைந்தது என்பதை முதலில் நினைவில் வை. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதை நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. நம்முடையது 1966-இல் வந்த இரண்டு கதவு வண்டி, 948 சி.சி. இன்ஜின். இந்தக் கார் பிறந்த கவென்ட்ரி நகரின் குளிருக்கு ஏற்றபடி யோசித்து, கார்புரேட்டரைச் சூடான புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே வைத்தார்கள். அந்த ஊரில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாக அந்தச் சூடு உதவும். சித்திரை வெயிலில் நமக்கு அதுவே வினை. ஆனால் அதே காரில் இன்னொரு வரமும் இருக்கிறது: முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் இடம் அந்த டயர்தான். கார்புரேட்டரிலிருந்து கழற்றிய ஜெட்டுகளை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டுகளை, பெட்ரோலில் போட்டு எவர்சில்வர் டம்ளரோடு கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு அந்த டம்ளரை என் அம்மா எங்கே கண்டாலும் வாசலில் எறிவாள்.

பெட்ரோல் வரும் வழியைச் சொல்கிறேன், கேள். டிக்கியின் ஓரத்தில் டேங்க். அதிலிருந்து சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் ஓரமாக ஒரு மெல்லிய குழாய் முன்னால் வருகிறது. இன்ஜின் அருகில் வந்ததும் குழாய் முடிந்து, ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடும், சேஸிஸ் ஆடாது; நடுவில் வளைந்து கொடுக்கத்தான் அந்த ஹோஸ். அடுத்தது இன்ஜினின் இடது பக்கம் பம்ப். இன்ஜினோடு சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு அதன் கையை அழுத்த, உள்ளே டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வு ஏறி இறங்கி, டேங்கிலிருந்து உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. தள்ளும் அழுத்தம் மிகக் குறைவு, சதுர அங்குலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டரை பவுண்டு. அங்கிருந்து இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் கார்புரேட்டருக்கு ஒரு குழாய். அவ்வளவுதான் பாதை.

பம்ப்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பாதை, பின்னால் இருப்பது தள்ளும் பாதை. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் போட்டுக்கொள். தள்ளும் பக்கம் விரிசல் விட்டால் பெட்ரோல் சொட்டும், மூக்கே காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. அதற்குப் பதில் காற்று உள்ளே போகும். தரை காய்ந்து கிடக்கும், வாசனை இருக்காது, எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உன் மெக்கானிக் பார்த்ததெல்லாம் தள்ளும் பக்கம். என் சந்தேகமெல்லாம் உறிஞ்சும் பக்கம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. வேலை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். யாழினி வீட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பேனர். இந்த வண்டி அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் உட்கார்வதுபோல் உட்கார்ந்து, இறுக்கும்போது நழுவி மூலையை மழுக்கிவிடும். பித்தளை யூனியன் நட் மழுங்கினால் அடுத்தது குழாயையே மாற்ற வேண்டியதுதான். தாத்தாவின் ஸ்பேனர்கள் டிக்கியில் சாக்குப்பையில் இருக்கின்றன. அவற்றைத் தவிர வேறு எதையும் எடுக்காதே.

முதலில் காசு செலவில்லாத சோதனை. வண்டி உதறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் மூடியில் இருக்கும் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. கொஞ்ச நேரம் நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் வண்டி கிளம்பிவிடும். நீ சொன்ன அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது, அதனால்தான் முதலில் சொல்கிறேன். பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த துளையில்லாத மூடியை யாராவது மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

மூடி குற்றமற்றது என்றால் அடுத்தது பாட்டில் சோதனை. இதை ஷெட்டில், குளிர்ந்த வண்டியில் செய்து பயனில்லை. உன் மெக்கானிக் செய்தது அதுதான்; பம்ப் ஜோராக அடிக்கிறது என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. நோய் வரும் நேரத்தில் நாடி பார்க்க வேண்டும். வண்டி சூடேறி உதறியதும் நிறுத்தி, காயிலின் சின்ன வயரைக் கழற்றிவிடு, ஸ்பார்க் வரக் கூடாது. பம்ப்பிலிருந்து வெளியே போகும் குழாயைப் பம்ப் அருகிலேயே கழற்று. கார்புரேட்டர் பக்கம் வேண்டாம், அங்கே எக்சாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். பம்ப்பின் வாயில் ஒரு ஹோஸைச் செருகிப் பாட்டிலுக்குள் விட்டு, நித்யாவைச் செல்ஃப் போடச் சொல். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றும்போது பம்ப் ஒரு முறை அடிக்கும். ஒவ்வோர் அடியும் கெட்டியாக, முழுசாக வர வேண்டும். நுரை நுரையாக, துப்பித் துப்பி வந்தால் நோய் உறிஞ்சும் பக்கத்தில். கெட்டியாக வந்தால் பம்ப்பும் டேங்கும் நல்லவை, கார்புரேட்டர் பக்கம் போகலாம்.

செல்ஃப் போட ஆள் இல்லாவிட்டால் பம்ப்பின் அடியில் கையால் அடிக்க ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அதை மேலும் கீழும் ஆட்டினால் பம்ப் வேலை செய்யும். சில நேரம் லீவர் கனமே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். உடனே டயாஃபிரம் கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதே. கேம் பம்ப்பின் கையை ஏற்கெனவே முழுதாக அழுத்தியிருக்கும் நிலையில் இன்ஜின் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி ஆட்டிப் பார், கனம் தெரியும். இது தெரியாமல் குப்பைக்குப் போன நல்ல பம்ப்புகள் ஏராளம். உன் பழைய பம்ப்பும் அந்த ரகம்தானோ என்னவோ. அதை வாங்கி வைத்துக்கொள். உண்மையிலேயே டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும். அப்படி வாசனை வந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

பம்ப்பின் தலையில் ஒரு கிண்ணம் இருக்கும். அதைத் திறந்து வலையைக் கழுவு. கிண்ணத்தின் விளிம்பில் கார்க் வாஷர். அது காய்ந்து சுருங்கியிருந்தால் அங்கேயும் காற்று நுழையும். கையால் இறுக்கியது போதாதோ என்று மேலும் மேலும் இறுக்கினால் வாஷர் நசுங்கி இன்னும் மோசமாகும். புது வாஷர் ஒரு ரூபாய்ப் பொருள்.

இனி நான் சந்தேகப்படும் அந்த ஒரு சாண் ஹோஸ்.

நீ வண்டியைக் கோவைக்கு எடுத்துப்போனபோது புது ஹோஸ் போட்டதாகச் சொன்னாய். புதுசு என்பதால்தான் யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் தாத்தா போட்ட பெட்ரோல் அல்ல. 2022-இல் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதப் பெட்ரோல் வரத் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் அதனால் நன்மை என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் 1966-இல் செய்த ரப்பர், கார்க், டயாஃபிரம் எதுவும் எத்தனாலைப் பார்த்ததில்லை. இன்று கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் மலிவு ஹோஸிலும் பெரும்பாலானவை அதைத் தாங்குவதில்லை. எத்தனால் ரப்பருக்குள் புகுந்து உப்ப வைக்கும். வெளிச்சுவரில் நூல் பின்னல் இருப்பதால் ஹோஸ் வெளியே உப்ப முடியாது. உள்சுவர்தான் உள்நோக்கி வீங்கும். பல நேரம் உள்தோல் தனியே உரிந்து மடலாகத் தொங்கும். பம்ப் மெல்ல இழுக்கும்போது மடல் படிந்து கிடக்கும். ஏற்றத்தில் இன்ஜின் அதிகம் கேட்க, பம்ப் பலமாக இழுத்தால் மடல் எழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் மறுபடி படியும். கோவைக்குள் ஓடும் வண்டி மலையில் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் பளபளவென்று புதுசாக இருக்கும். ஊதிப் பார்த்தாலும் காற்று போகும், ஏனென்றால் நீ ஊதுவது மடல் படியும் திசையில்.

அதனால் அந்த ஹோஸைக் கழற்று. பிளேடால் நீளவாக்கில் அறுத்து, புத்தகம்போல் விரித்து, உள்ளே விரல் வைத்துப் பார். வழவழவென்று கறுப்பு விரலில் ஒட்டினாலோ, தோல் உரிந்து வந்தாலோ, விசாரணை முடிந்தது. மாற்றாகப் போடும் ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படி. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருக்க வேண்டும். உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர், விட்டான் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். விலை நாலு மடங்கு இருக்கும், பேரம் பேசாதே. அதே ரகத்தில் டேங்க் பக்கம் ஏதாவது இணைப்பு ரப்பர் இருந்தால் அதையும் மாற்று. கிளிப்பை ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு முறுக்காதே. ரப்பர் வெட்டுப்பட்டால் அங்கே காற்று நுழையும்.

ஹோஸ் நல்லதாக இருந்தால்? அப்போது பம்ப்பின் உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு தனி ஹோஸைப் பெட்ரோல் கேனில் விட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே வேகமாக ஓடவிடு. உதறல் இல்லை என்றால் குழாயிலோ டேங்கிலோ அடைப்பு. குழாயைப் பம்ப்பிலிருந்து கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்ப்பால் பின்னோக்கி அடி. டேங்கில் குமிழி வரும் ஓசை கேட்க வேண்டும். பம்ப்போடு சேர்த்துக் காற்றடிக்காதே, அதன் வால்வுகள் நாசமாகும்.

டேங்க் பற்றியும் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. இங்கே ஷெட்டில் நின்ற மழைக்காலங்களில் அது ஈரக்காற்றைக் குடித்திருக்கும். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே. போதாக்குறைக்குப் பழைய பெட்ரோல் டேங்கின் சுவரில் பூசிவைத்த வார்னிஷை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து வலையில் அடைக்கும். டேங்கிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுவதும் அசையாமல் வை. காலையில் அடியில் தனி அடுக்கோ, செம்மண் நிறத் தூளோ தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். ரேடியேட்டர் கடைக்காரர்கள் செய்துகொடுப்பார்கள். ஓட்டை இருக்கிறது, பற்ற வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் டேங்கை எடுத்துக்கொண்டு வந்துவிடு. காலி டேங்கில் மிஞ்சிய ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே பூசும் பெயின்டிலும் எத்தனாலைத் தாங்காதவை உண்டு. அவை உரிந்து வந்து புது அடைப்பாகும். துரு குறைவாக இருந்தால் பூசாமல் விடுவதே மேல்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்பியல் பாடம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தையில் முடியாது, பொறுத்துக்கொள். பெட்ரோல் தண்ணீரைப்போல் ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம். உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடக் குறைவு. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம், வெளிக்காற்றும் அங்கே மெலிவு. இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் வழியாகக் காற்றும் போதாது. எல்லாம் சேர்ந்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவம் தள்ளப் பிறந்த பம்ப் ஆவியை நசுக்கிக்கொண்டு சும்மா ஆடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். அந்தக் காலத்தில் மலைப்பாதை டிரைவர்கள் பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். துணியைச் சுற்றி, இரண்டு நிமிடத்தில் வண்டி தெளிந்தால் சூடுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவும் அது உதவும். நிரந்தர வழி, இன்ஜினைச் சுற்றி வரும் குழாயை எக்சாஸ்டிலிருந்து விலக்கி வளைப்பது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் பேக்கலைட் தட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. கிட் போடும்போது அதை எடுத்துவிட்டு வெறும் காகித வாஷர் போட்டுவிடும் புண்ணியவான்கள் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: சூடான வண்டியை டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் கிளம்ப மறுக்கும். அது பெட்ரோல் போதாமை அல்ல, மிகுதி. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துப் பொங்கி இன்ஜினுக்குள் வழிந்திருக்கும். அப்போது ஆக்சிலேட்டரைப் படபடவென்று மிதிக்காமல், ஒரே அழுத்தாகத் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடு. காற்று நிறையப் போய் நனைந்தது காயும். சோக் பக்கமே போகாதே.

கார்புரேட்டரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நம் வண்டியில் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டர் எளிய பிராணி. ஐட்லிங்கில் நிற்காமல் வேகத்தில் மட்டும் ஓடினால் பைலட் ஜெட் அடைப்பு. வேகத்தில் மட்டும் திணறினால் மெயின் ஜெட், அல்லது கிண்ணத்தின் வாயில் இருக்கும் நீடில் வால்வ். ஜெட்டை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும், கம்பி விடக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிடும். எல்லாம் சரியான பிறகும் வண்டி கொஞ்சம் சோம்பலாக, சூடாக ஓடினால் அதற்குக் காரணம் எத்தனால். அதில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆக்சிஜன் வேறு கலந்திருக்கிறது. பழைய ஜெட் அளவுக்குக் கலவை மெலிந்துபோகும். ஓர் அளவு பெரிய மெயின் ஜெட் போட்டுப் பிளக்கின் நிறத்தைப் பார். வெள்ளையாக இருந்தது காப்பி நிறத்துக்கு வந்தால் சரி.

எலக்ட்ரிக் பம்ப்பை நான் முற்றிலும் எதிர்க்கவில்லை. டேங்க் பக்கத்தில் வைத்தால் அது குழாய் முழுவதையும் தள்ளும் பாதையாக மாற்றிவிடும். ஆவித் தொல்லை உண்மையாகவே குறையும். அது மெக்கானிக் கணக்கில் சரி. ஆனால் அவர் மனத்தில் இருப்பது கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்ப் என்றால் வேண்டவே வேண்டாம். அதன் அழுத்தத்தில் நீடில் வால்வ் ஒரு நிமிடம் தாங்காது, எக்சாஸ்டின்மேல் பெட்ரோல் வழியும். இரண்டு, இரண்டரை பவுண்டு தரும் பம்ப்பாக இருக்க வேண்டும், ரிலே வேண்டும், வண்டி மோதினால் தானாக நிற்கும் ஸ்விட்ச் வேண்டும். கேம்ஷாஃப்ட் நின்றால் தானும் நிற்கும் பம்ப்பை 1966-லேயே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் யோசி. ஹோஸில் கோளாறு இருக்கும்போது பம்ப்பை மாற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. உள்தோல் உரிந்த ஹோஸ் வழியாகத் தள்ளினால் அந்தத் துணுக்குகளெல்லாம் நேரே நீடில் வால்வில் போய் உட்காரும். முதலில் ஹோஸ். பிறகு தேவைப்பட்டால் பேசுவோம்.

வண்டியை விற்றுவிடலாமா என்று நித்யாவிடம் கேட்டாயாம், அவளே சொன்னாள். தாராளமாக விற்கலாம். தாத்தாவின் வண்டி என்று நான் கண்ணைக் கசக்கப் போவதில்லை. அவரே இதற்கு முன் வைத்திருந்த ஸ்டாண்டர்டு பென்னன்ட் காரை நல்ல விலை வந்ததும் அன்று மாலையே கொடுத்தவர். ஆனால் வால்பாறை ஏறும் வண்டியாக விற்றுவிடு. நின்றுபோகும் வண்டிக்குக் கேட்பவன் சொல்வதுதான் விலை. நூறு ரூபாய் ஹோஸுக்காக ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்பான், நீயும் அலுப்பில் கொடுத்துவிடுவாய்.

இரண்டு மீட்டர் ஆர்9 ஹோஸ், நாலு கிளிப், பம்ப் கிண்ணத்துக்கு இரண்டு வாஷர், தாத்தா வைத்திருந்த ஒரு பேக்கலைட் தட்டு எல்லாவற்றையும் நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். நெல்லிக்காய் ஊறுகாயும் வைக்கிறேன், பெட்ரோல் வாசனை படாமல் தனியே கட்டியிருக்கிறேன். ஹோஸை மாற்றியதும் பழைய துண்டை எறியாதே. அறுத்து விரித்து, வெளிச்சத்தில் வைத்து, கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உள்தோல் உரிந்திருந்தால் அன்றே ஆழியாறு வழியாக மேலே ஏறிப் பார். உரியாமல் இருந்தால் ஏறாதே. ராத்திரி டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்து வை, காலையில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். நான் ஐந்தரைக்கே எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா